தொட்டியைச் சுற்றி நான்கு பேர்

சின்னக் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் கையால் செய்து கற்க வேண்டும் என்பதில் இன்று பெரும்பாலும் மாற்றுக் கருத்து இல்லை. அடிப்படை நிலைக்கென 2022-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை விளையாட்டு வழியாகத்தான் கல்வி என்கிறது. நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு மையத்துக்குத் திரும்பினால், இருப்பது ஒரே அறை. இருபது, இருபத்தைந்து குழந்தைகள். அடுப்பில் மதியச் சாப்பாடு. மேசையில் பதிவேடுகள், கையில் போஷன் டிராக்கர் திறந்த போன். இந்த நிலையில் காலை பத்து மணிக்கு எதை எடுத்து எங்கே வைப்பது? அதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு என்பதால்தான் இந்த அத்தியாயம்.

ஒரே ஒரு மூலையில் தொடங்குங்கள். கணக்கு மூலை, கதை மூலை, பொம்மை மூலை, அறிவியல் மூலை என்று ஒரே வாரத்தில் ஐந்தை அமைத்தவர்களின் அறையில் அடுத்த மாதம் மிஞ்சுவது சுவரில் ஒட்டிய ஐந்து பெயர்ப் பலகைகள் மட்டும்தான். நான் சொல்வது தண்ணீர்த் தொட்டி. செலவு குறைவு, மூன்று வயதும் ஐந்து வயதும் ஒன்றாக நின்று ஆடலாம், இது சரி, அது தப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. முக்கியமாக, அதில் டீச்சர் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கை வைக்காமல் இருக்கும் பழக்கத்தைத்தான் நாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குழந்தைகளை அவர்கள் போக்கில் விடுவது என்றால் டீச்சருக்கு ஓய்வு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வேலை குறைவதில்லை. முந்தின நாள் சாயங்காலத்துக்கு இடம் மாறுகிறது. மிச்ச வேலை கண்ணுக்கு.

முந்தின நாள் சாயங்காலம்

அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு வருகிற மாதிரி, ஆடாத பெஞ்சின்மேல் வையுங்கள். தரையில் வைத்தாலும் பாதகமில்லை, நம் பிள்ளைகளுக்குக் குந்தி உட்காருவது கஷ்டமே இல்லை. சட்டை கொஞ்சம் அதிகம் நனையும், அவ்வளவுதான். இடம் வாசல் திண்ணையோ, அறைக்குள் வெளிக்கதவுக்குப் பக்கமோ இருக்கட்டும். அடியில் பழைய கோணிச் சாக்கு இரண்டு விரியுங்கள். மொழுமொழுவென்ற டைல்ஸ் தரை என்றால் சாக்கு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

தண்ணீர் நான்கு விரற்கடை ஆழம், அதற்கு மேல் கூடாது. சின்னக் குழந்தைக்கு ஆபத்து வர இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். ஆகவே தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவரின் கண் அதன்மேல் இருக்க வேண்டும்; நேரம் முடிந்ததும் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ‘அப்புறம் கொட்டிக்கொள்ளலாம்’ என்பது இதில் இல்லை.

உள்ளே போடும் சாமான்களில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு டம்ளர், சின்னதாக ஒன்று, டீ வடிகட்டி, புனல், குழிக்கரண்டி, ஸ்பாஞ்ச் துண்டு, இரண்டு கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சியின் மூன்று கண்களில் ஒன்று மெதுவாக இருக்கும். ஒன்றில் மட்டும் அதைக் குத்தித் திறந்துவிடுங்கள். இரண்டின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள். முதல் வாரம் டம்ளர்களும் கொட்டாங்குச்சிகளும் மட்டும். பத்துச் சாமான் ஒன்றாகக் கிடைத்தால் குழந்தை ஒன்றையும் முழுதாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போய்விடும்.

மிச்சச் சாமான்களைக் குழந்தைக்கு எட்டும் தட்டில், மூடி இல்லாமல், கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, சாமான்கள் உயரமான அலமாரியில் பூட்டித்தான் இருந்தன; ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கிப் பூட்டுவார். ஒருநாள் பூட்ட மறந்திருந்தது, ஆசிரியை வரவும் தாமதம். வந்து பார்த்தால் குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வைத்து வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டு. மாண்டிசோரிக்கோ, இந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சாமான் எதற்கு என்று தெரிந்துவிட்டது, தேர்ந்தெடுக்கவும் தெரிகிறது என்று பட்டது. அதற்குப் பிறகுதான் உயர அலமாரி போய்க் குட்டை அலமாரி வந்தது. நம் ஊரில் பல மையங்களில் அரசு கொடுத்த விளையாட்டுப் பெட்டி இன்னும் பீரோவின் உச்சியில், கவர் பிரியாமல் இருக்கிறது. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. கொட்டாங்குச்சியில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

யார், எப்போது

தொட்டியைச் சுற்றி நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் வந்தால் தள்ளுமுள்ளு வரும். ‘நீ போ, நீ வா’ என்று நீங்கள் போலீஸ் வேலை பார்க்கத் தொடங்கினால், தேர்வு மறுபடி உங்கள் கைக்கு வந்துவிடும். ஒரு கயிற்றில் நான்கு துணிக் கிளிப் மாட்டி வையுங்கள். கிளிப் எடுத்துச் சட்டையில் மாட்டியவருக்குத் தொட்டியில் இடம். போதும் என்று தோன்றும்போது கிளிப்பைக் கயிற்றில் திரும்ப மாட்ட வேண்டும். கயிற்றில் கிளிப் இல்லை என்றால் இடம் இல்லை. அதைச் சொல்ல டீச்சர் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சண்டை வரும். பிறகு மூன்று வயதுப் பிள்ளையே கயிற்றைப் பார்த்துவிட்டு, “இல்ல” என்று கையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் போகும்.

வேறு பக்கம் போக வேறு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா. மரக் கட்டைகள், களிமண், படப் புத்தகங்கள், உரிக்க ஒரு கிண்ணம் வேர்க்கடலை என்று பழகிய வேலைகள் சில அறையின் மற்றப் பகுதியில் இருக்கட்டும். உதவியாளரைச் சமையல் விடும் நேரத்தில் அங்கே உட்காரச் சொல்லுங்கள். வேர்க்கடலை உரிப்பவர்கள் தின்பார்கள், பரவாயில்லை. வாயில் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்பது மட்டும் விதி. மூன்று வயதுக்காரர்களுக்குக் கடலை வேண்டாம், முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

நேரம் குறைந்தது முக்கால் மணி. இருபது நிமிடத்தில் மணியடித்தால் குழந்தை இப்போதுதான் ஒன்றில் இறங்கியிருக்கும். மாண்டிசோரி வகுப்புகளில் மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக விடுவார்கள். நமக்கு அது முடியாது, முக்கால் மணியாவது இடையில் அறுபடாமல் கிடைக்கட்டும். அந்த முக்கால் மணியில் எடை பார்ப்பது, போட்டோ எடுத்து அனுப்புவது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மேலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்துக்குத் தொட்டிப் பக்கம் உதவியாளர் நிற்கட்டும்.

வயதுவாரியாகப் பிரிக்க வேண்டாம். எல்லா வயதும் ஒரே அறையில் இருப்பதை நாம் வசதிக் குறைவாகவே நினைத்துப் பழகிவிட்டோம். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்த மாண்டிசோரிக்கு, போர்க் காலத்தில் இத்தாலியர் என்பதால் நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் பல ஆண்டுகள் இங்கேயே தங்க நேர்ந்தது. அப்போது கொடைக்கானலில் அவர் நடத்தியது பல வயதுக் குழந்தைகள் கலந்த சிறிய பள்ளிதான். பெரியதைப் பார்த்துச் சின்னது செய்யும். சின்னதுக்குக் காட்டிக்கொடுக்கையில் பெரியதுக்குத் தான் செய்வது என்ன என்று தெளியும். ஒரே அறையுள்ள மையத்துக்கு இது கேட்காமலே கிடைத்திருக்கிறது.

வாயை வைத்துக்கொண்டு

இந்த அத்தியாயத்தில் கஷ்டமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நாலு வயதுப் பெண் ஒருத்தி ஓட்டைக் கொட்டாங்குச்சியைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறாள். அது ஓடம் போல் நிற்கிறது. அடியிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி ஏறுகிறது, ஒரு பக்கம் சாய்கிறது, முழுகுகிறது. எடுத்துக் கவிழ்த்துவிட்டு மறுபடி விடுகிறாள். மறுபடி முழுகுகிறது. பக்கத்துப் பையனுடையது மிதந்துகொண்டே இருக்கிறது. அவள் உங்களைப் பார்க்கிறாள்: “டீச்சர், என்னுது மட்டும் முழுகுது.”

நம் வாயில் தயாராக இருக்கும் பதில், “அதுல ஓட்டை இருக்கு கண்ணு, அதான்.” சொன்ன நொடியில் விஷயம் முடிந்தது. அவள் கொட்டாங்குச்சியை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பாள். அல்லது ஆர்வம் மிகுந்து, “மிதக்கும் பொருள் எது? முழுகும் பொருள் எது? சொல்லுங்க பாக்கலாம்!” என்று நாலு பேரையும் கூட்டி ஒரு பாடம் தொடங்குவோம். அப்போதும் முடிந்தது.

சொல்ல வேண்டியது அவள் கண்டதையே: “ஆமா, உன்னுது முழுகுது. அவனுது மிதக்குது.” அத்தோடு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் பத்துக்குள் ஏதாவது நடக்கும். பையன், “என்னுதை வேணா நீ விட்டுப் பாரு” என்று நீட்டலாம். இவள் தன்னுடையதைத் தூக்கிப் பிடித்து, அடியில் நூல் மாதிரி ஒழுகுவதைக் கண்டு கத்தலாம். விரலை வைத்து அடைப்பாள், எடுப்பாள், அடைப்பாள். வேப்பிலை ஒன்றைக் கிள்ளி உள்ளே வைத்து, அது அடைக்கிறதா என்று பார்ப்பாள். அடைக்காது. ஒழுகட்டும், களிமண்ணை எட்டிப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். களிமண் அவள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கும்படி முந்தின நாள் வைத்திருப்பதுதான் உங்கள் பங்கு.

(பழைய காலத்தில் நாழிகை வட்டில் என்று ஒன்று இருந்தது. அடியில் துளையிட்ட பாத்திரத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து முழுகும் நேரத்தை ஒரு நாழிகையாக, நம் கணக்கில் 24 நிமிடமாக, அளப்பார்கள். அந்தப் பெண் கையில் இருப்பது அதுதான். இதை அவளிடம் சொல்ல வேண்டாம், உங்கள் சந்தோஷத்துக்கு.)

கேள்வி கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். “இது என்ன கலர்? இதுல எத்தனை டம்ளர்?” என்பதெல்லாம் பரீட்சை. “இன்னும் ஊத்தினா என்ன ஆகும்?”, “இதை எப்படிப் பண்ணினே?”, “அடுத்து என்ன பண்ணப் போறே?” என்று கேட்டால், விடை அவளிடம் மட்டும்தான் இருக்கும். வேலையில் ஆழ்ந்திருக்கும் குழந்தையிடம் அதைக்கூடக் கேட்க வேண்டாம். பாராட்டும் இடைஞ்சல்தான். “சூப்பர்! வெரி குட்!” என்று கத்தினால் குழந்தை தண்ணீரை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும், அடுத்த தடவை உங்களுக்காகச் செய்யும்.

ஒன்றும் தொடாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை எல்லா மையத்திலும் ஒன்று இருக்கும். இழுத்துக்கொண்டு வராதீர்கள். பார்ப்பதும் வேலைதான். ஒரு வாரம் கழித்தும் அப்படியே நின்றால், “இந்த ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு தரியாமா?” என்று உதவி கேளுங்கள். விளையாடக் கூப்பிட்டால் வராத பிள்ளை உதவிக்கு வரும்.

தவறாகப் புரிந்துகொள்வதையும் உடனே திருத்த வேண்டாம். ஒரே அளவு டம்ளர்கள் இரண்டில் சமமாக ஊற்றிவிட்டு, ஒன்றை ஒல்லியான உயரப் பாட்டிலுக்கு மாற்றினால், “பாட்டில்லதான் நிறைய இருக்கு” என்று அடித்துச் சொல்வார்கள். பியாஜே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்; ஆறு ஏழு வயதுவரை பெரும்பாலான குழந்தைகளுக்கு உயரம்தான் அளவு. விளக்கிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்த்துத்தான் அது ஒருநாள் நேராகும். உயரப் பாட்டிலைத் தொட்டியில் விட்டு வையுங்கள், போதும்.

நோட்டில் என்ன எழுதுவது

‘நன்றாக விளையாடினாள். ஆர்வமாக இருந்தாள்.’ இப்படி எழுதினால் அது யாருக்கும் பயன்படாது, உங்களுக்கும். ‘பெரிய டம்ளரிலிருந்து சின்னதுக்கு ஊற்றினாள். வழிந்தது. நிறுத்திவிட்டுப் பெரியதற்குள் எட்டிப் பார்த்தாள். மறுபடி பாதிதான் ஊற்றினாள்.’ இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனால் நாளை என்ன செய்ய வேண்டும் என்று இது சொல்கிறது: இன்னும் ஒரு சின்ன டம்ளர் வைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகளைப் பற்றி நாலு வரி. இருபது பேர் என்றால் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

“டீச்சர், பிள்ளை எழுதவே மாட்டேங்குதே”

வரும். ஜூலை மாதத்துக்குள் வரும். பக்கத்துத் தெரு நர்சரியில் அதே வயதுப் பிள்ளை ஏ-பி-சி-டி எழுதுகிறது, இங்கே தண்ணீரில் ஆடுகிறது என்று ஒரு அம்மா வருத்தப்படுவார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பிள்ளை படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற கவலை அது. தத்துவம் பேசாதீர்கள். “உள்ள வாங்கம்மா, ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க” என்று தொட்டிப் பக்கம் ஸ்டூல் போடுங்கள். ஸ்பாஞ்சைப் பிழியும் விரல்களைக் காட்டுங்கள். பென்சிலைப் பிடிக்க வேண்டிய மூன்று விரல்களுக்கு வலு அப்படித்தான் வருகிறது. வலு வராத கையில் பென்சிலைத் திணித்தால், முட்டியை இறுக்கிப் பிடித்து எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு மாற்றுவது பாடு. வீட்டில் பூக் கட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூவை ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வேலையும் கொடுத்தனுப்புங்கள்.

நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் முதலில் மணலில் விரலால்தான் எழுதினார்கள், ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்காத வீடு அந்தத் தெருவில் எத்தனை இருக்கும்? விரலால் எழுத மணல் தட்டு ஒன்றை நீங்கள் வைத்தால் பெற்றோருக்கு அது புதிதாகவே தோன்றாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் குழந்தை தானே கண்டுபிடிக்காது. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும் என்பது தொட்டியில் தெரியும். இந்த வடிவத்துக்கு ‘ட’ என்று பெயர் என்பது எந்தத் தொட்டியிலும் தெரியாது. அது பெரியவர்கள் ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு, பெரியவர்தான் சொல்ல வேண்டும். பாட்டும் கதையும் அப்படித்தான். எழுத்தைச் சொல்லும்போது உப்புத்தாளில் வெட்டிய வடிவத்தைத் தடவவைத்து மூன்று படியாகப் போங்கள். “இது ட. இது ப.” பிறகு, “ட எங்கே, காட்டு.” அது நன்றாக வந்த பிறகு மட்டும், “இது என்ன?” இரண்டாம் படியில் தடுமாறினால் மூன்றாவதைக் கேட்காமல், முகம் சுளிக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள், நாளைக்கு முதல் படியிலிருந்து. நேர்க்கோட்டில் முடியும் ட, ப போன்றவை முதலில் வரட்டும். பல வளைவு உள்ள ‘அ’வையும் ‘இ’யையும் பிஞ்சு விரல்களுக்கு முதல் நாளே கொடுப்பது அகராதிக்கு வேண்டுமானால் சரி.

இதை மட்டும் வைக்காதீர்கள்

விலையில்லாப் பொருள்களைக் கொண்டு நடத்துவது நம் நாட்டில் புதிதல்ல. மாண்டிசோரி சாதனங்கள் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கண்ட தாராபாய் மோடக், 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் தொடங்கி, கிளிஞ்சல், கூழாங்கல், இலை என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்தே பாலர் பள்ளிகளை நடத்தினார். குடியிருப்பின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனதும் அவர்தான். அக்கம்பக்கத்தில் கிடைப்பதில் ஆபத்தானவையும் உண்டு. பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி கொண்டுவராதீர்கள்; கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. குழந்தைகள் பொறுக்கிவரும் பூக்களிலும் காய்களிலும் அரளி, பொன்னரளி, ஊமத்தை இருந்தால் எடுத்துவிட்டு எல்லாருக்கும் கை கழுவிவிடுங்கள். புளியங்கொட்டை விஷமில்லை, ஆனால் மூக்கிலும் காதிலும் போகும். மூன்று வயதுக்காரர்கள் இருக்கும் மையத்தில், ஒன்றேகால் அங்குல அகலக் குழாய்க்குள் விழுகிற எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ண வேண்டும் என்றால் பாட்டில் மூடி வேண்டாம். உள்ளங்கை அளவு கூழாங்கல் எடுங்கள்.

துடைப்பதும் அவர்கள் வேலை. மாப் குச்சியைக் குழந்தையின் தோள் உயரத்துக்கு வெட்டிக் கொடுங்கள், பழைய வேட்டித் துண்டு நாலு கொடியில் தொங்கட்டும். அவர்கள் துடைத்த பிறகு ஈரம் இருக்கத்தான் செய்யும். அவர்கள் கண்முன்னே மறுபடி துடைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் போனதும் துடைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் நான்கு கிளிப்பும் ஒரு வாரமாகத் தொடாமல் தொங்கினால் தொட்டியின் காலம் முடிந்தது என்று அர்த்தம். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து எடுங்கள். அதே இடத்தில் மணல் வரலாம்: ஆற்று மணலோ எம்-சாண்டோ, சலித்து, ஒரு தடவை அலசி, வெயிலில் காயவைத்தது. கொஞ்சம் ஈரமாகவே வையுங்கள், காய்ந்த மணல் கண்ணில் விழும். மணல் வாங்குவதற்கு முன்னால் தொட்டிக்குப் பலகையில் ஒரு மூடி செய்துவிடுங்கள். திறந்து கிடக்கும் மணலைத் தெருப் பூனைகள் விடாது.